டிசம்பரில் உலுரு: பால் வெட்டு நேரத்தில் ஒரு பாலைவனப் பயணம்

மலேசியாவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தூரப் பயணம் போக வேண்டுமென்றால் ஆண்டு இறுதி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை. ஆஸ்திரேலியாவின் நடுவே கிடக்கும் செம்மண் பாலைவனத்துக்கோ அந்த டிசம்பர்தான் உச்சக் கோடை. உலுரு என்ற மாபெரும் பாறை நிற்கும் உலுரு-கட்டா ஜூட்டா தேசியப் பூங்காவுக்கு அந்த மாதத்தில் போகலாமா என்று விசாரித்தபோது பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நமக்கென்னம்மா, வெயில்லயே பொறந்து வெயில்லயே வளந்தவங்க." போய் வந்த பிறகு, அங்கே போக நினைக்கிற ஒவ்வொரு குடும்பத்திடமும் நான் முதலில் பேசுவது இந்த நம்பிக்கையைப் பற்றித்தான். பினாங்கு வெயிலில் பழகிய உடம்பு அங்கே கைகொடுக்காது. கைகொடுப்பது நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கும் வேறொரு பழக்கம். அதை எங்களுக்குக் காட்டியவர் என் மாமியார்.

வெயிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 32, 33 டிகிரி தாண்டினாலே சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது. எரிச்சலாக இருக்கும், ஆனால் உடம்பிலிருந்து தண்ணீர் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். உலுருவில் பகல் 40 டிகிரியைத் தொட்டபோது யாருடைய சட்டையும் நனையவில்லை. வியர்வை சுரக்கிற கணமே காய்ந்துவிடுகிறது. கையைத் தடவிப் பார்த்தால் உப்பு நறநறவென்று இருக்கும். "வியர்க்கவே இல்லையே, எதுக்கு இவ்வளவு தண்ணி?" என்று என் மகள் கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது. தாகம் தெரிவதற்குள் தலைவலி வந்துவிடும். தலைவலி வந்த பிறகு குடிக்கிற தண்ணீர் தாமதமான தண்ணீர். வெயிலில் நடக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் குடிக்க வேண்டும் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. நாங்கள் ஆளுக்கொரு போத்தல் கொடுத்து, கைபேசியில் கால் மணிக்கொரு முறை மணி அடிக்க வைத்தோம். அடித்தால் நாலு மடக்கு, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் போக வேண்டும். மருந்தகத்தில் கிடைக்கும் உப்புக்கரைசல் பொட்டலங்களைப் பினாங்கிலிருந்தே கொண்டுபோனோம். காய்ந்த காற்றில் சின்னவளுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. பயப்படும்படியாக ஒன்றுமில்லை, படுக்கும் முன் மூக்கின் உள்விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவியதும் நின்றுவிட்டது.

இன்னொன்று, சூரியனின் இடம். மகர ரேகை, நாங்கள் விமானத்தில் வந்து இறங்கிய ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் அந்த ரேகைக்கு நேர் மேலே வருவதால், நடுப்பகலில் உலுருவின் உச்சந்தலைக்குக் கிட்டத்தட்ட நேராகவே நிற்கிறது. 348 மீட்டர் உயரப் பாறை, சுற்றளவு 9 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய பாறைக்கு அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்கும் அளவு நிழல்கூட இருக்காது.

என் மாமியார் கெடாவில், சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். பயணத் திட்டத்தை நாங்கள் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பேசியபோது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல யோசிக்க என்ன இருக்கு? பெரட்டு நேரத்துக்கு எழுந்திரிச்சி, வெயில் ஏறுறதுக்குள்ள வேலைய முடிச்சிட்டு லயத்துக்குத் திரும்பிர வேண்டியதுதான்" என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியுமுன் ஆட்களைக் கணக்கெடுக்கும் நேரம், லயம் என்பது தொழிலாளர் வரிசை வீடு. விடியலின் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து, பந்தமோ தலைவிளக்கோ வைத்துக்கொண்டு வெட்டப் போவார்கள். பாலைவனக் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான கால அட்டவணையை எந்தப் பயண நிறுவனமும் எங்களுக்குத் தந்திருக்க முடியாது. அதை அப்படியே பிடித்துக்கொண்டோம்.

கோடை மாதங்களில் பூங்காவின் வாயில் காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது. தங்குமிடமான யூலாராவிலிருந்து பாறைக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நாங்கள் நாலு மணிக்கு எழுந்து, ரொட்டியும் வேகவைத்த முட்டையும் பொட்டலம் கட்டி, வாயில் திறக்கும்போது அங்கே நின்றோம். நுழைவுச் சீட்டு பெரியவர்களுக்கு 38 ஆஸ்திரேலிய டாலர், மூன்று நாளைக்குச் செல்லும். 17 வயது வரை உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்தால் இருட்டில் வாயிலில் தாமதமாகாது.

சூரியன் எழுவதைப் பார்க்க ஒரே ஒரு காலையை ஒதுக்கினால் போதும் என்பது என் எண்ணம். பார்வை மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும் அந்த முக்கால் மணி நேரம் நடப்பதற்கு மிகக் குளிர்ச்சியான நேரம். மற்றக் காலைகளில் நேராக மேற்குப் பக்கத்து மாலா நடைபாதைக்குப் போய்விட்டோம். காலையில் அந்தப் பக்கம் பாறையின் நிழலில் இருக்கும். போக வர 2 கிலோமீட்டர்தான், தரை சமமாக இருக்கிறது, முட்டி வலியோடு அத்தை, அதாவது என் மாமியார், முழுவதும் நடந்தார். கோடையில் காலை 8 மணிக்குப் பூங்கா ஊழியர் ஒருவர் இலவசமாகக் கூட்டிப்போய்ப் பாறைக்குகைகளையும் ஓவியங்களையும் காட்டிப் பேசுகிறார். தவறவிடக் கூடாத ஒன்று. பாறையின் சிவப்பு இரும்புத் துருவின் நிறம் என்பதையும், குகைகளுக்குள்ளே தெரியும் சாம்பல் நிறம்தான் அதன் இயல்பான நிறம் என்பதையும் பிள்ளைகள் தொட்டுவிடும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டார்கள்.

பாறையை முழுவதும் சுற்றி வரும் பாதை பத்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மூன்றரை மணி நேரமாவது ஆகும். என் கணவரும் மகனும் மட்டும் ஒரு விடியலில் தொடங்கி அதை நடந்தார்கள். வடகிழக்குப் பக்கம்தான் சோதனை: நீளம், மரமில்லை, காலை வெயில் நேராக முகத்தில். கோடையில் எந்த நடையையும் முற்பகல் 11 மணிக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். முதல் தடவை போகும் குடும்பங்கள் அதை 9 மணி என்று வைத்துக்கொள்வதே நல்லது. பிள்ளைகளும் வயதானவர்களும் உடன் இருந்தால் முழுச்சுற்றை விட்டுவிடலாம், மனக்குறை வேண்டாம்.

முழுச்சுற்றுக்குப் பதிலாக நான் எல்லாரையும் போகச் சொல்வது தெற்குப் பக்கத்துக் குனியா நடைபாதைக்கு. போக வர ஒரு கிலோமீட்டர். முடியும் இடத்தில் முட்டிஜுலு என்ற நீர்ச்சுனை. அந்த நிலத்தின் சொந்தக்காரர்களான அனங்கு மக்கள், குனியா என்னும் மலைப்பாம்புப் பெண் தன் உறவுக்காரப் பையனைக் கொன்ற விஷப்பாம்புக் கூட்டத்தவன் ஒருவனோடு போரிட்ட இடம் அது என்கிறார்கள். பாறையில் தெரியும் வெட்டுகளும் வளைந்த தடங்களும் அந்தப் போரின் அடையாளங்கள். பலகையில் இருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். தோட்டத்தில் புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவர். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாறை மேல் ஏற முடியாதா என்று மகன் கேட்டான். பழைய படங்களில் மேலே சங்கிலி பிடித்து ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறான். "சாமி மேல ஏறி நின்னு படம் எடுப்பியாடா?" என்றார் அத்தை. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ஏற வேண்டாம் என்று அவர்கள் பல காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019இல் அதே அக்டோபர் 26 அன்று ஏறும் பாதை நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குள் அந்தப் பாறையில் ஏறி 35 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள், வெயிலும் மாரடைப்பும் அதில் பெரும் பங்கு. படம் எடுக்கக் கூடாத இடங்களுக்கும் பலகை வைத்திருக்கிறார்கள். சில இடங்களின் கதை ஆண்களுக்கு மட்டும் உரியது, சில பெண்களுக்கு மட்டும். படத்தில்கூட மற்றவர் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் முறை. பலகையைப் பார்த்ததும் கைபேசியைப் பைக்குள் போடச் சொல்லிப் பிள்ளைகளிடம் முன்பே பேசி வையுங்கள்.

கட்டா ஜூட்டா யூலாராவிலிருந்து 50 கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது. 36 மொட்டைக் குன்றுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. என் கண்ணுக்கு உலுருவைவிட இதுவே அழகு. அங்கேயுள்ள 'காற்றுப் பள்ளத்தாக்கு' நடை 7.4 கிலோமீட்டர். அன்றைய முன்னறிவிப்பு 36 டிகிரியோ அதற்கு மேலோ என்றால், காலை 11 மணிக்கு முதல் பார்வை முனைக்கு அப்பால் பாதையை மூடிவிடுவார்கள். டிசம்பரில் பெரும்பாலான நாள் அப்படித்தான். எனவே இதற்கு முந்திய இரவே தயாராகுங்கள். காலை வெயில் முகத்தில் ஏறுவதற்குள் இரண்டாவது பார்வை முனை வரை போய்த் திரும்பிவிட்டோம். குன்றுகளுக்கு நடுவே காற்று விசிலடித்துக்கொண்டு வருகிறது. கரடுமுரடான கல் பாதை, சிலிப்பர் போட்டு வராதீர்கள்.

நடுப்பகலுக்கு யூலாரா. முன்பு பாறையின் அடிவாரத்திலேயே விடுதிகள் இருந்தன. அவற்றை அகற்றி, பூங்கா எல்லைக்கு வெளியே 1984இல் உருவாக்கிய ஊர் இது. ஒரு கடைத்தெரு, ஒரு பேரங்காடி, ஒரு மருத்துவ நிலையம், எண்ணெய் (பெட்ரோல்) நிலையம், அவ்வளவுதான். பத்து மணிக்கெல்லாம் அறைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு எல்லாரும் தூங்கினோம். விடுமுறைக்கு இவ்வளவு செலவு பண்ணி வந்து பகலில் தூங்குவதா என்று மனம் அடித்துக்கொள்ளும். தூங்கத்தான் வேண்டும். விடியலும் அந்தியும் நம் கையில் இருக்க இந்தத் தூக்கம்தான் காரணம். நாலரை மணிக்கு மேல் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு விட்டு, ஆறரைக்குப் பாறையின் மேற்குப் பக்கம் போனால் சூரியன் இறங்கும் வரை அது நிறம் மாறுவதைப் பார்க்கலாம்.

சமையலறை உள்ள அறையாக எடுங்கள். கடைச் சாப்பாட்டின் விலையை மலேசிய வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் வயிறு எரியும். அரிசி, பருப்பு, காய்கறி, பெரிய தண்ணீர்க் கலன் எல்லாவற்றையும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பேரங்காடிகளில் வாங்கிக் காடியில் (காரில்) ஏற்றிக்கொண்டோம். கிறிஸ்துமஸ் அன்று அங்கே கடைகள் அடைப்பு, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோகும் மிளகாய்த்தூள், ஊறுகாய், முறுக்கு எதுவானாலும் விமானத்தில் தரும் அட்டையில் எழுதிக் காட்டிவிட வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம், பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். எழுதாமல் வைத்திருந்து பிடிபட்டால் அபராதம் பலமாக இருக்கும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி வகைகள் பையில் இருக்கவே கூடாது.

வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். அத்தைக்கு இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை, சர்க்கரைக்கு இன்சுலின். கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்தோம். இரத்தக் கொதிப்புக்காக நீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் கடும் வெயில் நாளில் என்ன செய்வது என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், நாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இன்சுலின் சூட்டில் கெட்டுவிடும். வெயிலில் நிறுத்திய காடிக்குள் கொஞ்ச நேரம் இருந்தாலே அது வீணாகிவிடலாம். குளிர்ப்பையில் வைத்து, இறங்கும் இடத்திலெல்லாம் கையோடு எடுத்துக்கொண்டு போனோம். பெரிய மருத்துவமனை 450 கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில்தான். நோயாளியை விமானத்தில் ஏற்றிப்போகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் யாரையும் கூட்டிப்போகாதீர்கள்.

உடுப்பு விஷயத்தில் அத்தையின் தேர்வு சரியாக இருந்தது: தளர்ந்த பருத்தி உடை, முழுக்கை, தலைக்கு ஈரத்துண்டு, அதன் மேல் அகலமான தொப்பி. தோட்டத்துப் பெண்கள் வெளியில் போகும் கோலம் அதுதான். ஈயைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கோடையில் கண், மூக்கு, வாய் என்று விடாமல் மொய்க்கும், கடிப்பதில்லை. தொப்பிக்கு மேல் போடும் வலை யூலாராவில் விற்கிறது. ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள்.

நாங்கள் சிட்னி வழியாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கி, காடி வாடகைக்கு எடுத்து யூலாராவுக்கு ஓட்டினோம். நேராக யூலாரா விமான நிலையத்திலேயே இறங்கவும் முடியும். ஆனால் சாலை வழி போனால்தான் அந்த நிலத்தின் அளவு புரிகிறது. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். வேக எல்லை சில இடங்களில் 130. ஐம்பது மீட்டர் நீளம் வரும் லாரித் தொடர்கள் எதிரே வரும்போது ஓரத்தில் மெதுவாகப் போங்கள், முந்தப் பார்க்காதீர்கள். 200 கிலோமீட்டரில் எர்ல்டண்டா என்ற இடத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டோம். இடையில் கைபேசித் தொடர்பு இல்லாத தூரம் அதிகம் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தோம். காடி வழியில் நின்றுபோனால் அதை விட்டு நடக்கக் கூடாது என்பது அங்கே உயிர் காக்கும் விதி. நடக்கும் மனிதனைவிட நிற்கும் காடியைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. அந்திக்குப் பின் ஓட்டவே வேண்டாம், கங்காருவும் மாடும் ஒட்டகமும் சாலைக்கு வந்துவிடும். யூலாராவுக்கு முன்னால் இடப்பக்கம் தட்டையான பெரிய மலையொன்று தெரியும். பிள்ளைகள் "உலுரு!" என்று கத்துவார்கள். அது மவுண்ட் கானர், உலுரு இன்னும் தூரத்தில்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸை வெறும் வழித்தங்கல் ஊராக நினைத்துப் போகிறவர்கள் பழைய தந்தி நிலையத்தையாவது பார்த்துவிட்டு வர வேண்டும். அங்கே நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது, காரணம் பினாங்கு. மெட்ராஸிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டு முடித்தது 1871 தொடக்கத்தில். அதே ஆண்டு ஜாவாவிலிருந்து டார்வினுக்குக் கம்பி வந்து சேர்ந்தது. 1872 ஆகஸ்டில் டார்வினுக்கும் அடிலெய்டுக்கும் இடையே பாலைவனத்தைக் குறுக்காக வெட்டிப்போன நிலத்துக் கம்பி இணைந்தது. அந்த வழியின் நடுவே இருந்த நிலையம் இது. மெட்ராஸிலிருந்து நம் ஊரைத் தொட்டு ஜாவா கடந்து வந்த செய்திகள், மண்ணும் கல்லுமான இந்தச் சின்னக் கட்டடத்தின் வழியாகத்தான் தெற்கே போயின. அந்த வறண்ட நிலத்தில் சுமை ஏற்றிப்போக ஒட்டகம் ஓட்டி வந்தவர்களில் ஆப்கானியரோடு அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாலைவனத்தில் திரியும் காட்டு ஒட்டகங்கள் அப்போது வந்தவற்றின் வம்சம்.

ஊருக்குள் ஓடும் டாட் ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். உலுருவில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறக்குறைய 300 மில்லிமீட்டர். 2017 நவம்பர் வெள்ளத்தின்போது பினாங்கில் ஒரே நாளில் அதைவிட அதிகமாகப் பெய்தது. என்றாலும் அங்கே மழை வருகிற ஓரிரு நாள் வருவது பெரும்பாலும் கோடையில்தான். வந்தால் உலுருவின் உடம்பிலிருந்து அருவிகள் இறங்கும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. வாய்த்தால் அறையில் இருக்காதீர்கள், ஓடிப்போய்ப் பாருங்கள்.

எங்களுக்கு வாய்த்தது இரவு வானம். பட்டர்வொர்த்தில் துறைமுக வெளிச்சத்தில் நாலைந்து நட்சத்திரம் தெரிந்தாலே அதிகம். யூலாராவில் விளக்கு வெளிச்சத்தை விட்டு ஐந்து நிமிடம் நடந்தால் பால்வீதி தலைக்கு மேல் வந்துவிடுகிறது. வடக்குப் பக்கத்தில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். அனங்கு மக்களுக்கும் அது பெண்களின் கூட்டம்தான், ஒருவனால் துரத்தப்பட்டு ஓடும் ஏழு சகோதரிகள். பினாங்குத் தண்ணீர்மலை முருகனை விட்டு ஒரு தைப்பூசம்கூட விலகியிருக்காத அத்தை, ஆறு கார்த்திகைப் பெண்கள் முருகனை வளர்த்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொன்னார். ஒரே நட்சத்திரங்களை இரண்டு மக்கள் பெண்களாகவே கண்டிருக்கிறார்கள் என்பது என் மகளுக்கு இன்னும் ஆச்சரியம்.

டிசம்பரில் போகலாமா என்று இப்போது என்னைக் கேட்கிறவர்களுக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறேன். பள்ளி வயதுப் பிள்ளை இல்லாதவர்கள், நெஞ்சு நோய் உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள், மே முதல் ஆகஸ்டு வரை போங்கள். ஜூன், ஜூலையில் பகல் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், இரவுக்கு மட்டும் தடித்த குளிராடை வேண்டும். பள்ளி விடுமுறையை விட்டால் வேறு காலம் இல்லாதவர்கள் தயங்காமல் டிசம்பரிலேயே போகலாம், நாலு மணிக்கு எழுந்திருக்க வீட்டில் எல்லாரும் சம்மதித்தால். கோடையில் கூட்டம் குறைவு, பாறையின் முன்னால் நாங்கள் மட்டும் நின்ற நேரங்கள் உண்டு.

மலேசியக் கடப்பிதழுக்கு மின்விசா கைபேசிச் செயலியிலேயே கிடைத்துவிடுகிறது, கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே. எல்லாவற்றுக்கும் முன்னால் யூலாராவில் அறையைப் பதிவு செய்யுங்கள். அங்கே ஏறக்குறைய எல்லாத் தங்குமிடங்களும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. சமையலறை உள்ள அறைகள் சிலவே, அவைதான் முதலில் தீர்ந்துபோகும்.